வயதானவர்கள் நிறைந்த இங்கிலாந்துக் கிராமத்தில் குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலும் லெஸ்டரிலும் வாடகை கட்டிக் கட்டி அலுத்துப்போனவர்கள், ஊர்ப்புறத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் எங்கே இருந்தால் என்ன என்று நினைப்பவர்கள் என்று நம் ஆட்கள் பலர் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் கவுண்டியின் வடக்குப் பக்கம். மற்ற கவுண்டிகளில் விவரங்கள் கொஞ்சம் மாறும், கிராமத்தின் சுபாவம் பெரிதாக மாறாது.

எந்த மாதிரி ஊரைச் சொல்கிறீர்கள்?

ஒரு சர்ச், ஒரு வில்லேஜ் ஹால், ஒரு தபால் பெட்டி, ஒரு பஸ் நிறுத்தம், டெலிபோன் இல்லாத ஒரு சிவப்பு டெலிபோன் கூண்டு. பப் இருந்தால் அதிர்ஷ்டம், கடையும் இருந்தால் பேரதிர்ஷ்டம். சுவரெல்லாம் ஃபிளிண்ட் கல் பதித்த வீடுகள், ஏனென்றால் இந்தப் பக்கம் கட்டடத்துக்கு ஆகிற வேறு கல் அதிகம் கிடைக்காது. இங்கிலாந்தில் இருக்கும் வட்டக் கோபுர சர்ச்சுகளில் பெரும்பாலானவை நார்ஃபோக்கில்தான் இருக்கின்றன, அதற்கும் மூலைக்கு வைக்கப் பெரிய கல் கிடைக்காததுதான் காரணம் என்று சொல்வார்கள். வீட்டு நம்பர் பல வீடுகளுக்குக் கிடையாது, பெயர்தான். பார்சல் கொண்டுவருகிறவர் முதல் தடவை கண்டிப்பாகத் தொலைந்துபோவார்.

நிஜமாகவே எல்லோரும் வயதானவர்களா?

ஏறக்குறைய. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நார்த் நார்ஃபோக் மாவட்டத்தில் 33.4 சதவீதம் பேர் 65 வயதோ அதற்கு மேலோ. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இதுதான் முதலிடம். இது குரோமர், ஷெரிங்ஹாம் மாதிரி டவுன்களையும் சேர்த்த மாவட்டக் கணக்கு, சின்னக் கிராமத்துக்குள் வந்தால் இன்னும் நரை கூடும். இங்கே ஐம்பது வயதுக்காரரை ‘அந்தப் பையன்’ என்று சொல்கிறார்கள், கிண்டலுக்கு இல்லை.

இதில் இரண்டு தினுசு உண்டு, இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, லண்டன் பக்கமோ மிட்லண்ட்ஸ் பக்கமோ வேலை பார்த்துவிட்டு, அங்கே வீட்டை விற்று, ஓய்வுக்கு இங்கே வந்தவர்கள். ரிட்டயர்டு டீச்சர், பேங்க் மேனேஜர், நர்ஸ், ராணுவத்தில் இருந்தவர். இரண்டாவது, இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், பண்ணையிலோ நண்டுப் படகிலோ வேலை பார்த்த குடும்பம். இவர்கள் எண்ணிக்கையில் குறைவு. இவர்கள் பேசும் நார்ஃபோக் ஆங்கிலம் ஆரம்பத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது, கவலை வேண்டாம், கென்ட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரருக்கும் பிடிபடுவதில்லை. நீங்கள் வந்தேறி என்றால் அவரும் முப்பது வருஷமாக இங்கே இருக்கிற வந்தேறிதான், அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

இளையவர்கள் ஏன் இல்லை என்றால், வீட்டு விலை. கடலோரக் கிராமங்களில் கணிசமான வீடுகள் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். நவம்பர் மாதம் சாயங்காலம் தெருவில் நடந்தால் எந்த ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிடலாம். 2025 ஏப்ரலிலிருந்து இந்த மாதிரி இரண்டாவது வீடுகளுக்குக் கவுன்சில் டாக்ஸை, அதாவது வீட்டு வரியை, இரட்டிப்பாக வாங்க இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு அனுமதி உண்டு. அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

முடியாது. இதில் மழுப்பலாகப் பதில் சொன்னால் உங்களுக்குத்தான் நஷ்டம். பஸ் இருக்கிறது, ஆனால் கடைசி பஸ் நீங்கள் வேலை முடிந்து கோட்டு மாட்டுவதற்குள் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களுக்கு பஸ்ஸே கிடையாது. ஓய்வூதிய வயதைத் தொட்டவர்களுக்கு பஸ் இலவசம், வார நாட்களில் காலை 9.30-க்கு மேல்தான் அந்த பாஸ் செல்லும் என்பதால் ஊரே அதற்கு அடுத்த பஸ்ஸில் ஏறும். ஊர் விஷயம் தெரியவேண்டுமென்றால் ஒரு தடவை அந்த பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

இந்திய, இலங்கை லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் லைசென்ஸ், அதாவது தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதி, ஓட்டிக் காட்டிப் பாஸாக வேண்டும். டெஸ்ட்டுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு, பதினோராவது மாதம் வரை இழுக்காதீர்கள்.

கிராமத்துச் சாலை ஒரு வண்டி அகலம், இரண்டு பக்கமும் தலைக்கு மேலே வேலிச்செடி. சட்டப்படி பல இடங்களில் மணிக்கு 60 மைல் வரை போகலாம், அந்த வேகத்தில் போகிறவர் ஒன்று உள்ளூர்க்காரர், இல்லை பைத்தியக்காரர். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர் பின்னால் எடுக்கவேண்டும். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்லவேண்டும், இதைச் செய்யாதவர் யார் என்று ஊரில் ஞாபகம் வைத்திருப்பார்கள். குதிரையில் வருகிறவர்களைக் கடக்கும்போது 10 மைல் வேகத்துக்கு மேல் போகாமல், 2 மீட்டராவது தள்ளிப் போகச் சொல்கிறது ஹைவே கோடு என்கிற சாலை விதிப் புத்தகம். இலையுதிர்காலம் முதல் குளிர்காலம் முழுக்க சர்க்கரை காய்ச்சுகிற பீட் கிழங்கு அறுவடை, டிராக்டர் சக்கரத்து மண்ணெல்லாம் ரோட்டில்தான் கிடக்கும், மழையும் சேர்ந்தால் சோப்புத் தண்ணீரில் ஓட்டுகிற மாதிரி.

வீடு பார்க்கும்போது எதைக் கேட்கவேண்டும்?

நகரத்தில் யாரும் கேட்காத இரண்டு கேள்விகள்: எதால் சூடு ஆகிறது, கழிவு எங்கே போகிறது.

கேஸ் பைப் வராத கிராமங்கள் நிறைய. தோட்டத்து மூலையில் பச்சை நிற பிளாஸ்டிக் டாங்க் நிற்கும், அதில் மண்ணெண்ணெய் நிரப்பி பாய்லரை ஓட்டவேண்டும். பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள், எனவே ஒரே சமயத்தில் பெரிய தொகை கைவிட்டுப் போகும். ஜனவரியில் தீர்ந்துபோனால் லாரி வருகிறவரை கம்பளிக்குள்தான் வாழ்க்கை. பல ஊர்களில் ஒருவர் எல்லாரிடமும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு மொத்தமாக ஆர்டர் போட்டு விலையைக் குறைப்பார். அந்த மனிதர் யார் என்று குடிவந்த வாரமே கண்டுபிடித்து அவருடைய லிஸ்டில் சேர்ந்துவிடுங்கள்.

கழிவுக்கு செப்டிக் டாங்க் என்றால், அது எங்கே விடுகிறது என்று பாருங்கள். ஓடையிலோ வாய்க்காலிலோ நேராக விடுகிற பழைய செப்டிக் டாங்க்குகளுக்கு 2020-லிருந்து அனுமதி இல்லை, மாற்றுகிற செலவு வாங்குகிறவர் தலையில் விழும். அப்புறம், வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பதும் முக்கியம். இருந்தால் குளிர் புகுகிற பழைய ஜன்னலைக்கூட அனுமதியில்லாமல் மாற்ற முடியாது. அழகுக்கு ஆசைப்பட்டு அந்த மாதிரி வீட்டை வாங்கிவிட்டு வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள் உண்டு.

வாடகை வீடு வெப்சைட்டில் வருவதற்கு முன் வாய்வழியாகப் போய்விடும். ஹால் வாசலில் இருக்கும் நோட்டீஸ் போர்டைப் படியுங்கள்.

நெட், போன், கரண்ட்?

ஊருக்கு ஊர் வித்தியாசம். தபால் குறியீட்டைப் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஒரே தெருவில் ஒரு பக்கம் ஃபைபர், மறுபக்கம் ஆமை. கெட்டியான கல் சுவருக்குள் மொபைல் சிக்னல் வராது, வைஃபை வழியாகப் பேசும் வசதியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். புயல் வந்தால் கரண்ட் போகும், 105-க்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். பழைய செம்புக் கம்பி டெலிபோனை 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்போகிறார்கள், புதிய போன் கரண்ட் இல்லாவிட்டால் வேலை செய்யாது என்பதால், கழுத்தில் அலாரப் பொத்தான் மாட்டியிருக்கும் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு இது நிஜமான பயம். கரண்ட் போனால் நீங்கள் முதலில் செய்யவேண்டியது டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டுவதுதான்.

மளிகைக்கு, கறிவேப்பிலைக்கு என்ன செய்வது?

சூப்பர்மார்க்கெட் ஆன்லைனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுவரும், துவரம்பருப்பும் கிடைத்துவிடும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் என்றால் இந்தக் கவுண்டியின் பெரிய நகரமான நார்விச்சுக்குப் போகவேண்டும், மொத்தமாக வாங்க லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு ஒரு நடை. ஃப்ரீசர் பெரியதாக வாங்குங்கள். இங்கிலாந்து முழுக்கச் சின்ன ஊர்களில் கடையோ பெட்ரோல் பங்க்கோ நடத்துகிற ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள், அந்தக் கல்லாவில் தமிழ்க் குரல் கேட்டால் பேச்சுக்கொடுங்கள், மிளகாய்த்தூளுக்கு வழி பிறக்கும்.

இட்லி மாவு புளிக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சமையல்கட்டில் வைத்தால் மூன்று நாள் ஆனாலும் அசையாது. பழைய வீடுகளில் சுடுதண்ணீர் சிலிண்டர் வைத்த ஒரு அலமாரி இருக்கும், துண்டு, போர்வை உலர்த்துவதற்காக. வெள்ளைக்காரர் துண்டு வைக்கிற தட்டில் மாவுப் பாத்திரத்தை வையுங்கள். கீழே ஒரு அகலத் தட்டும் வையுங்கள், பொங்கி வழிந்தால் துண்டெல்லாம் மாவு.

வீட்டு வாசல்களில் முட்டை, தக்காளி, தேன் எல்லாம் மேஜைபோட்டு வைத்து, பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும். ஆள் இருக்கமாட்டார்கள், காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளவேண்டியது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முட்டை தீர்ந்ததும் காலி அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தால் உங்களைப் பற்றி நல்லபடியாகப் பேசுவார்கள். இந்தத் தலைமுறையில் மூத்தவர்கள் ரேஷன் காலத்துக் குழந்தைகள். இரண்டாம் உலகப்போர் 1945-ல் முடிந்தும் இங்கே உணவு ரேஷன் 1954 வரை நீடித்தது. ஜாம் பாட்டிலைத் தூக்கிப் போடுகிற ஆளை அவர்களுக்குப் பிடிக்காது.

குடிவந்து மாதக்கணக்காகிறது, யாரும் வீட்டுக்கு வருவதில்லை. எங்களைப் பிடிக்கவில்லையோ?

பிடிக்காமல் இல்லை, வரமாட்டார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் புதுசாகக் குடிவந்தால் எதிர்வீட்டு அம்மா அரை மணி நேரத்தில் வந்து சம்பளம் வரைக்கும் தெரிந்துகொண்டு போவார். இங்கே ஒரு வாழ்த்து அட்டை கதவு இடுக்கு வழியாக உள்ளே விழும், அதோடு சரி. சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பெல் அடிப்பது அவர்களுக்குச் சங்கடம். ‘ஒரு நாள் டீ குடிக்க வாங்களேன்’ என்பார்கள், தேதி சொல்லவில்லை என்றால் அது அழைப்பில்லை. (நாமும் ரயில்வே ஸ்டேஷனில் பார்க்கிற ஆளிடம் ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்றுதானே சொல்கிறோம்.)

இந்த ஊர்களில் விருந்தாளியாக நுழைகிற வாசல் கிடையாது, வேலையாளாக நுழைகிற வாசல்தான் உண்டு. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடக்கிற காரியம் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலைப் பார்த்துக்கொள்வது, ஊர்ப் பத்திரிகையை வீடுவீடாகப் போடுவது, சர்ச்சில் பூ வைப்பது, கார் இல்லாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்று வேகமாகப் போகிற கார்களைக் குறித்துக்கொள்வது, சில ஊர்களில் கடையில் கல்லாவில் உட்காருவதுவரை எல்லாமே தொண்டு. செய்கிறவர்கள் எழுபது தாண்டியவர்கள், எண்பது தாண்டியவர்களும் உண்டு. முட்டி போய்விட்டது, இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது, ஆனாலும் விடுவதில்லை. வலியில்லாத முட்டியோடு ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்பதே அவர்களுக்கு நல்ல செய்தி.

எங்கே ஆரம்பிப்பது என்றால், காஃபி மார்னிங். மாதம் ஒரு தடவையோ வாரம் ஒரு தடவையோ ஹாலில் நடக்கும். உள்ளே போனால் டிஸ்டெம்பர் வாசனை, ஈரக் கோட்டு வாசனை, சுவரில் ராணி படமோ இப்போது ராஜா படமோ. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு திறப்பு, அதன் வழியாக வெளிர்பச்சை நிறக் கோப்பைகளும் சாஸர்களும் ஒவ்வொன்றாக வெளியே வரும், இங்கிலாந்து முழுக்க எத்தனையோ ஹால்களில் அதே வெளிர்பச்சைக் கோப்பைகள்தான். பெரிய தண்ணீர் கொதிகலன் ஒன்று ஓரத்தில் உஸ் உஸ் என்று கொண்டிருக்கும், அதைத் தொட ஒரே ஒரு அம்மாவுக்குத்தான் உரிமை, நீங்கள் தொடாதீர்கள். காசு கொடுங்கள், ராஃபிள் சீட்டு வாங்குங்கள், ஒரு துண்டு கேக் சாப்பிடுங்கள், பிறகு மேஜையில் தனியாக உட்கார்ந்து போனைப் பார்க்காமல் நேராக அந்தச் சமையலறைக்குப் போய், பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு தொட்டி ஓரமாக நில்லுங்கள். ‘வேண்டாம், வேண்டாம்’ என்பார்கள். அது உபசாரம். துடையுங்கள். கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசும்போது இங்கிலாந்துக்காரர்களுக்குக் கூச்சம் போய்விடுகிறது, முகத்துக்கு முகம் பேசினால் வானிலையைத் தாண்டாதவர்கள் தொட்டி ஓரத்தில் மகன் ஆஸ்திரேலியா போனது, கணவர் ஞாபகம் இழந்தது எல்லாம் சொல்வார்கள். கடைசியில் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கிளம்புங்கள். இதைச் சில தடவை செய்தால் தெருவில் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வந்த வேகத்தில் ஹால் புக்கிங்கை ஆன்லைனாக்குகிறேன், வாட்ஸாப் குரூப் தொடங்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஹால் டைரி ஒருவர் வீட்டில், ஒரு நோட்டில், பென்சிலில் இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

எண்பத்தைந்து வயதுக்காரரை எப்படிக் கூப்பிடுவது?

பெயரைச் சொல்லித்தான். ஆன்ட்டி, அங்கிள் என்றால் விழிப்பார்கள். நாக்கு கூசும், பழகிவிடும். முதல் சந்திப்பில் அவர்களே ‘என்னை இப்படிக் கூப்பிடு’ என்று சொல்வார்கள், அதுவரை மிஸஸ் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. கொஞ்சம் நிதானமாக, வாயைப் பார்க்கிற மாதிரி நின்று பேசுங்கள். உங்கள் ஆங்கிலம் புரியவில்லையோ என்று நினைத்துக் கூசிப்போகவேண்டாம், பாதிப்பேருக்குக் காது மந்தம்.

நிறவெறி இருக்கிறதா?

ஊர் முழுக்க வெள்ளைக்காரர்கள். நீங்கள் நடந்துபோனால் திரைச்சீலை அசையும். எங்கள் அனுபவத்தில் வெறுப்பு அபூர்வம், அசட்டுத்தனம் சகஜம். ‘நிஜமாக எந்த ஊர்?’ என்று கேட்பார்கள், தாத்தா பர்மா போர்முனையில் இருந்த கதையைச் சொல்வார்கள், தங்களுக்குத் தெரிந்த ஒரு பஞ்சாபி டாக்டரை உங்களுக்கும் தெரியுமா என்பார்கள். பப்பில் யாராவது தடித்தனமாகப் பேசினால் பெரும்பாலும் கூட இருப்பவர்களே அடக்குவார்கள். எல்லா ஊரும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வீடு முடிவு செய்யும் முன் ஒரு சனிக்கிழமை மதியம் பப்பிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருவிலும் இருந்து பாருங்கள், மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சர்ச்சுக்குப் போகாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களா?

இல்லை, ஊர்க்காரர்களிலேயே பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. ஒரு பாதிரியாருக்கு ஐந்தாறு சர்ச் என்பதால் உங்கள் ஊர் முறை மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வரும். ஆனால் நவம்பரில் போர் நினைவு ஞாயிறன்று காலை 11 மணிக்குக் கல்தூண் முன்னால் எல்லாரும் நிற்பார்கள், அதற்கு மட்டும் போங்கள், இரண்டு நிமிஷ மௌனம். சின்ன ஊர்த் தூணில்கூட, போரில் இறந்தவர்களின் பெயர்களில், ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை செதுக்கியிருக்கும், அந்தக் குடும்பத்து ஆள் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.

சாமி நம்பிக்கை வேண்டாம், கை பலம் போதும் என்கிற சர்ச் வேலை ஒன்று இருக்கிறது, மணி அடிப்பது. ஆளுக்கு ஒரு கயிறு, பாட்டெல்லாம் கிடையாது, எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்கிற வரிசை மாறிக்கொண்டே போகும், கணக்குப் பிடித்தவர்களுக்கு வெறியாகிவிடும். வாரத்தில் ஒரு சாயங்காலம் பயிற்சி. ஆள் பஞ்சம் எங்கும் இருப்பதால் வாசலில் தலையைக் காட்டினாலே உள்ளே இழுத்துவிடுவார்கள்.

ஓட்டுப் போடலாமா, பாரிஷ் கவுன்சிலில் பேசலாமா?

இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவில் இருந்தாலே இங்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம், நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்து. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டால் பாரிஷ் கவுன்சிலுக்கு நிற்கவும் செய்யலாம். 1894 சட்டத்தில் பிறந்த அமைப்பு, நம்மூர் கிராமப் பஞ்சாயத்தைவிட அதிகாரம் குறைவு. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, போட்டியும் பெரும்பாலும் கிடையாது, காலி இடத்துக்கு ஆளைத் தேடிக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் பேச்சு நாய் மலம், ரோட்டுக் குழி, யாருடைய வேலிச்செடி நடைபாதைக்கு நீண்டிருக்கிறது, இவற்றைத் தாண்டுவது அபூர்வம், ஆனால் இரண்டு மணி நேரம் ஓடும்.

டாக்டர், மருந்து, ஆம்புலன்ஸ்?

ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், பக்கத்துப் பெரிய கிராமத்தில் இருப்பார். மருந்துக்கடை 1.6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிராமத்து நோயாளிகளுக்கு ஜி.பி. கிளினிக்கே மருந்து கொடுக்க அனுமதி உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். என்.ஹெச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவையில் பல் டாக்டர் கிடைப்பது நார்ஃபோக்கில் குதிரைக்கொம்பு. பெரிய ஆஸ்பத்திரி நார்விச் ஓரத்தில், சின்னக் காயத்துக்குக் குரோமர்.

ஆம்புலன்ஸ் தூரத்திலிருந்து வரவேண்டும் என்பதால், பயிற்சி எடுத்த ஊர்த் தொண்டர்களை முதலில் அனுப்புவார்கள். அந்தச் சிவப்பு டெலிபோன் கூண்டைச் சொன்னேனே, பல ஊர்களில் அதற்குள் இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கும். பெட்டி பூட்டியிருந்தால் 999-ல் பேசுகிறவரே திறக்கும் எண்ணைச் சொல்வார். ஹாலில் இதற்குப் பயிற்சி வைத்தால் போய்விடுங்கள், இந்த வயது ஊரில் என்றைக்காவது உங்கள் கை தேவைப்படும்.

பிள்ளைகளுக்கு?

ஐந்து வயதுக்கு சொர்க்கம், பதினைந்துக்குச் சிறை. ஆரம்பப்பள்ளிகள் மிகச் சின்னவை, இரண்டு மூன்று வகுப்பு ஒரே அறையில், டீச்சருக்குப் பிள்ளையின் பாட்டி பெயர்வரை தெரியும். தகுதியான பள்ளிகளில் மிக அருகிலிருப்பதே 8 வயதுக்குள் என்றால் 2 மைல், அதற்கு மேல் 3 மைல் தாண்டியிருந்தால் கவுன்சில் இலவச வண்டி ஏற்பாடு செய்யவேண்டும். டீன்ஏஜில் நண்பர்கள் எல்லாம் பத்து மைல் தள்ளி இருப்பார்கள், நீங்கள்தான் டிரைவர்.

இவ்வளவு வயதானவர்கள் என்றால் சாவு அடிக்கடி வருமே?

வரும். இதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளாமல் வராதீர்கள். சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தவர் வீட்டு வாசலில் முதலில் சாவிப்பெட்டி முளைக்கும், நம்பர் போட்டுத் திறக்கிற சின்ன இரும்புப்பெட்டி, பராமரிப்பு ஆட்கள் உள்ளே வந்துபோவதற்காக. பிறகு கைப்பிடிக் கம்பி. பிறகு ஒரு நாள் காலை திரை விலகியிருக்காது.

நமக்குச் செய்தி கேட்டதும் கிளம்பிப்போய் அந்த வீட்டில் உட்காரவேண்டும், அதுதான் மரியாதை. இங்கே அப்படிப் போனால் அந்தக் குடும்பம் உங்களை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும். கையால் எழுதின ஒரு இரங்கல் அட்டை, இறந்தவரைப் பற்றி ஒரே ஒரு நிஜமான விஷயத்தோடு, அது போதும். சூடு பண்ணிச் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது செய்து, மூடி, வாசலில் வைத்துவிட்டு வந்தால் அதை மறக்கவே மாட்டார்கள் (காரம் குறைத்து). அடக்கம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நடக்கும், இது நம்மைத் திகைக்க வைக்கிற விஷயம், அதுவரை உடல் அடக்கம் செய்யும் கம்பெனியின் பொறுப்பில் இருக்கும், குடும்பம் கடைக்கு வரும், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும், நீங்கள் பார்த்தால் ‘கேள்விப்பட்டேன், வருத்தமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அவர்கள் பேசினால் நில்லுங்கள், பேசாவிட்டால் நகருங்கள். அடக்கத்தன்று சர்ச் நிறைந்துவிடும், எப்போதும் சர்ச்சுக்குப் போகாதவர்களும் வருவார்கள். பிறகு ஹாலில் முட்டை சாண்ட்விச், டீ, அதே பச்சைக் கோப்பைகள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும், அதிர்ச்சியடையாதீர்கள், இறந்தவரின் கூத்துகளைச் சொல்லிச் சிரிப்பதுதான் அன்றைய வழக்கம். கோப்பை கழுவ ஆள் தேவைப்படும்.

குளிர்காலம் தாங்குமா?

குளிரைத் தாங்கிவிடலாம், இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். பல கிராமங்களில் தெருவிளக்கே கிடையாது, வேண்டாம் என்று ஊரே தீர்மானம் போட்டிருக்கும், நட்சத்திரம் தெரியாதாம். உண்மையில் தெரிகிறதுதான், பால்வீதிவரை. தலையில் மாட்டும் டார்ச்சும் ரப்பர் பூட்ஸும் முதல் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அப்போது நடைபாதைகளில் நடந்துவிடுங்கள். வயல் நடுவே போனாலும் மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் அது பொதுவழி, பண்ணைக்காரர் தடுக்க முடியாது. கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போகவேண்டும்.

கிராமம் என்றால் அமைதியாகத்தானே இருக்கும்?

காலை நாலு மணிக்குப் புறாக்கள், அறுவடைக் காலத்தில் நள்ளிரவு வரை இயந்திரம், அக்டோபரிலிருந்து தலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் வாத்துக்கூட்டம் கத்திக்கொண்டு போகும். எரு போடுகிற வாரத்தில் துணியை வெளியே காயப்போடாதீர்கள்.

கேர் விசாவில் இந்தப் பக்கம் வரலாமா?

இந்த ஊர்களில் முதியோர் பராமரிப்புக்கு ஆள் தேவை மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் 2024 மார்ச் 11-லிருந்து கேர் வொர்க்கர்கள் புதிதாகக் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, 2025 ஜூலை 22-லிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு விசாவே கிடையாது. ஊரில் இன்னமும் லட்சக்கணக்கில் பணம் கேட்டு கேர் விசா வாங்கித் தருகிறேன் என்கிறவர் ஏமாற்றுகிறார். நர்ஸ் பதிவு, டாக்டர் பதிவு வேறு கதை, அந்த வழி இருக்கிறது.

யார் வரவே கூடாது?

கார் ஓட்டப் பிடிக்காதவர். வாரம் ஒரு தடவையாவது கோயில், கடைவீதி, பத்துப் பேர் சிரிக்கிற சத்தம் இல்லாவிட்டால் வாடிப்போகிறவர். முக்கியமாக, ஒருவர் மட்டும் வேலைக்குப் போய் மற்றவர் நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கப்போகிற தம்பதி, அந்த மற்றவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றால் தயவுசெய்து டவுனில் வீடு எடுங்கள். அழகான ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு அழுகிற நம் பெண்களை எனக்குத் தெரியும்.

கோடைத் திருவிழாவுக்கு ஏதாவது செய்துகொண்டு வரச் சொன்னார்கள். கேக் போட்டிக்குக் கொடுக்கலாமா?

விற்பனை மேஜைக்குத் தாராளமாகக் கொடுங்கள், போட்டிக்கு மட்டும் முதல் வருஷம் விக்டோரியா ஸ்பாஞ்ச் வேண்டாம். நடுவில் ராஸ்பெர்ரி ஜாம் மட்டும், கிரீம் கூடாது, மேலே சர்க்கரை தூவல் மட்டும், கம்பித்தட்டில் ஆறவைத்த கோடு மேலே பதிந்திருந்தால் மதிப்பெண் குறையும், இதையெல்லாம் நாற்பது வருஷமாகச் செய்துவருகிறவர்களோடு மோதவேண்டும். சட்னி பிரிவு ஒன்று இருக்கும். அவர்கள் சட்னி என்பது ஆப்பிளும் உலர்திராட்சையும் வினிகரில் கொதிக்கவைத்தது, அதில் நம் தக்காளித் தொக்கைக் கொடுங்கள், ஜாம் பாட்டிலில், லேபிளில் தேதி எழுதி, மூடியில் பழைய கம்பெனிப் பெயர் இல்லாமல் பார்த்துக்கொண்டு. பாட்டில் கழுத்துவரை நிரப்பியிருக்கவேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு.